குறி தப்பியவர்களின் சுவர்

நேற்று இரவு ஆணி அடித்து மாட்டிய துணி காலையில் ஈரமாக இருந்தது.

ரூடி ஹியேட்டலா அதைத் தற்செயலாகத்தான் கண்டான். காபிக் கோப்பையோடு அடுப்பங்கரைக்குப் போகும்போது தோள் சுவரில் உரசியது, சட்டைக் கையில் சில்லென்று ஏதோ ஒட்டியது. கட்டைகளை அடுக்கிக் கட்டிய அந்த வேட்டைக் குடிலின் மேற்குச் சுவர் முழுக்கத் துணித் துண்டுகள்தான். மானைச் சுட்டுக் குறி தப்பியவனைத் திருப்பி நிறுத்தி, அவன் சட்டையின் பின்பக்கத்தை வால் போல நறுக்கி, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் அறைந்துவிடுவது ரூடியின் அப்பா காலத்து வழக்கம். கம்பளி, கட்டம் போட்டது, சாயம் போனது, எலி கடித்தது என்று எத்தனையோ வால்கள், எல்லாம் அடுப்புச் சூட்டில் அப்பளமாகக் காய்ந்து கிடந்தன. கிளைடின் பச்சைக் கட்டம் போட்ட வால் மட்டும் அடியோரம் கறுத்து, கனத்துத் தொங்கியது. ரூடி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். பீர் சிந்திய வாடை இல்லை. பாதி செரித்த தழையும் புளித்த இரத்தமும் கலந்த நாற்றம், மானின் குடலைத் தவறிக் கிழித்தவனுக்கு மட்டுமே தெரிந்த நாற்றம். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கிளைட் அவன் தங்கை மார்லீனின் கணவன். தெற்கே பெரிய நகரத்தில் மெத்தைக் கடை வைத்திருப்பவன், வேட்டைக்கு வருவது இது இரண்டாவது தடவை. நேற்றுச் சாயங்காலம் காட்டில் அவன் மானுக்காகக் காத்திருந்த பரண் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. இருட்டுகிற நேரத்தில் இளித்துக்கொண்டே வந்து, பெரிய கலைமான், சுத்தமாகத் தப்பிவிட்டது என்றான். கேலி செய்வதற்கு முன்பே அவனே முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். ரெய்னோ சித்தப்பா பெரிய கத்தரிக்கோலை ஆணியிலிருந்து எடுத்து நறுக்கினார். ரூடிதான் சுத்தியலால் அறைந்தான். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்ததை இப்போது நினைத்தால் ஆத்திரமாக வந்தது.

யாரையும் எழுப்பாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளைடின் பரணுக்குப் போனான். இரவில் புதிதாகப் பனி விழவில்லை, நேற்று நடந்தது அத்தனையும் தரையில் அப்படியே கிடந்தது. மான் நின்ற இடத்தில் வயிற்றுப் பக்கத்து வெள்ளை மயிர் கொத்தாகச் சிதறியிருந்தது. அதற்கப்பால் கருஞ்சிவப்புத் துளிகள், அவற்றில் பச்சைத் துணுக்குகள். குண்டு வயிற்றில் பாய்ந்திருக்கிறது. அந்த மான் உடனே சாகாது, இராத்திரி முழுக்கக் கிடந்து துடிக்கும். பரணிலிருந்து கிளைடின் பூட்ஸ் தடங்கள் அந்த இடத்தை நோக்கி வந்திருந்தன. பாதி வழியில் நின்றிருந்தன. நின்று, திரும்பியிருந்தன.

ரூடி அந்தத் தடத்தின் மேல் காறித் துப்பினான். அப்பா இந்தக் குடிலுக்கென்று வைத்தது ஒரே ஒரு சட்டம். சுட்டால் போய்ப் பார். பட்டது என்று தோன்றினாலும் சரி, படவில்லை என்று தோன்றினாலும் சரி, போய்ப் பார். குறி யாருக்கும் தப்பலாம், அதற்குத் தண்டனை ஒரு முழத் துணி. போய்ப் பார்க்காதவனுக்கு இங்கே இடமே இல்லை.

அவன் திரும்பி வந்தபோது கிளைட் பாகு ஊற்றிய முட்டை அடையை வெட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்தான். ரூடி அவன் கோட்டை எடுத்து மேஜைமேல் வீசினான்.

"நேத்து நீ சுட்டது படல. அப்படித்தான மாப்ள?"

"அதான் வால நறுக்கிட்டீங்களே, இன்னும் என்னத்த நறுக்கணும்?"

"வயித்துல பட்டிருக்கு. ரத்தம் கெடக்கு. உன் பூட்ஸ் தடமும் கெடக்கு, பாதி தூரம் வரைக்கும்."

கிளைடின் முள்கரண்டி நின்றது. முகத்திலிருந்த இளிப்பு ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

"இருட்டிருச்சு மச்சான். போய்ப் பாக்கத்தான் எறங்குனேன். அந்தச் சதுப்புக்குள்ள ஏதோ மொனகுச்சு. மான் மாதிரி இல்ல, மனுஷன் வயித்தப் பிடிச்சிட்டு மொனகுற மாதிரி. கால் போகவே இல்ல."

"வயித்துல குண்டு வாங்கிட்டு மொனகாம பின்ன பாட்டா பாடும்?"

ரெய்னோ அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் போனதிலிருந்து அவருக்குச் சமையல்தான் வேலை, காதும் பாதி மந்தம். இரண்டு பேரும் போய் அதைத் தேடி முடித்துவிட்டு வாருங்கள், ஆனால் ரூடி கோபத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும் என்றார். ரூடி கேட்கவில்லை. கிளைட் துப்பாக்கியை எடுக்கப் போனபோது அதைப் பிடுங்கித் தன் கட்டிலுக்கடியில் தள்ளினான். உன் கையில் இனி இது வேண்டாம், நான் சொல்கிற இடத்தில் நில், அது போதும் என்றான். புறப்படும்போது மார்லீன் தொலைபேசியில் சொன்னது காதில் ஒலித்தது. அந்த ஆளுக்குக் காடு தெரியாது அண்ணே, முழுசாத் திருப்பிக் கொண்டாந்து விடு என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பரண் வரை நடந்து, அங்கிருந்து துளித்துளியாகத் தடம் தேடிச் சதுப்போரம் வந்து சேர மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. தேவதாருச் சதுப்புக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, வேர்களுக்கு நடுவே உறையாத கறுப்புத் தண்ணீர் சேற்று வாடையோடு பளபளக்க, கால் வைக்கிற இடமெல்லாம் மெல்லிய பனிக்கட்டி முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. துளி, துளி, பிறகு ஒரு பாறாங்கல்லருகே மான் படுத்திருந்த குழி. பனி உருகி, கறுத்த இரத்தம் தேங்கி, அதே நாற்றம். சிறிது தூரத்தில் இன்னொரு குழி. அப்புறம் இன்னொன்று. விடியவிடிய எழுந்தும் படுத்தும் அலைந்திருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ரூடி நின்று, கிளைடின் முகத்தைப் பார்த்து, ஒரு பாடம் நடத்தினான். இரவில் விட்டுவிட்டுக் காலையில் தேடுவது தப்பில்லை, சொல்லாமல் விட்டதுதான் தப்பு. நேற்றே உண்மையைச் சொல்லியிருந்தால் விடிந்ததும் வந்து ஒரே குண்டில் அதன் வேதனையை முடித்திருக்கலாம். காலைப் பொழுதும் வீண், உன் புளுகால். சரி, இரத்தம் இருக்கிற இடத்தில் கட்டி அடையாளம் வைக்கச் சிவப்பு நாடா கொண்டுவரச் சொன்னேனே, எங்கே?

கிளைட் பைகளைத் தடவினான். நாடா குடிலில் கிடந்தது.

"ஒரு நாடா. அதக்கூட உன்னால தூக்கிட்டு வர முடியல. மார்லீன் உன்கிட்ட என்னத்தத்தான் கண்டாளோ."

கிளைட் பையிலிருந்து கையை எடுத்தான். அந்த ஆள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட ரூடிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அப்போதுதான் அந்த முனகலை ரூடியும் கேட்டான். நீண்டு, இழுத்து, நடுவில் ஈரமாக அடைத்துக்கொண்டு, பிறகு மறுபடியும் தொடர்ந்தது. இடப்பக்கமிருந்து வந்ததாகத் தோன்றித் திரும்பினால் வலப்பக்கம் கேட்டது. கிளைட் அவனைப் பார்த்தான். சொன்னேனே என்று சொல்லவில்லை, கண்தான் சொன்னது. ரூடிக்கு முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஓடியது. அதையும் சேர்த்து அவன்மேல்தான் கோபமாக மாற்றிக்கொண்டான்.

ஓடைக்கு முன்னால் இரத்தம் நின்றுபோனது. விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் கடைசித் துளி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒருவன் கடைசி இரத்தத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும், இன்னொருவன் சுற்றி வளைத்துத் தேட வேண்டும். ரூடி கிளைடின் தோளைப் பிடித்து அந்த மரத்தருகே நிறுத்தினான்.

"இங்கயே நில்லு. நான் வர்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. இதையாவது ஒழுங்கா செய்."

"சரி மச்சான்," என்றான் கிளைட். வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணக் கோட்டின்மேல் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு மேலங்கி அந்தக் கறுப்பு மரங்களுக்கு நடுவே கண்ணைப் பறித்தது. எத்தனை தூரம் போனாலும் தெரியும் என்று ரூடி நினைத்துக்கொண்டான்.

சுற்றி வந்தான். பனிமேல் முயல் தடம், நரித் தடம், கலைமானின் தடம் மட்டும் இல்லை. வானம் ஈயம் போல இறங்கியது. நவம்பர் மாதத்தில் இந்தப் பக்கம் சாயங்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, பகல் திடீரென்று அணைந்துவிடும். திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆரஞ்சு நிறம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருவழியாக ஒரு சொல் பேச்சுக் கேட்டானே என்று இருந்தது.

முனகல் பக்கத்தில் கேட்டது.

மிகவும் பக்கத்தில். முன்னாலிருந்த தேவதாருப் புதரில். மூச்சு இழுக்கிற சத்தம். கிளை ஒன்று அசைந்தது, பனி பொடியாக உதிர்ந்தது. பழுப்பாக ஏதோ நகர்ந்தது. தாழ்வாக. குனிந்தபடி.

ரூடி இடப்பக்கம் கண்ணை ஓட்டினான். ஆரஞ்சு அங்கே, மரத்தருகே. அப்படியானால் இது மான்.

தலை தெரியவில்லை. கொம்பு தெரியவில்லை. முழு உருவமும் தெரியாமல் சுடக் கூடாது என்பதை அப்பா சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை, அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பகல் முழுக்கச் சேர்த்து வைத்த கோபம் விரலுக்கு இறங்கியிருந்தது. முடித்துவிட்டுப் போய்விடலாம். இந்த முனகல் நின்றால் போதும்.

சுட்டான்.

வெடிச் சத்தம் சதுப்பெங்கும் உருண்டு அடங்கியது. முனகல் நின்றது. பிறகு புதருக்குள் ஒரு சிறு சத்தம். யாரையாவது கூப்பிடுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார்களே, அது மாதிரி. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

"மாப்ள," என்று அவன் குரல் கொடுத்தான். "பட்டிருச்சு போல. வா இங்க."

ஆரஞ்சு அசையவில்லை.

"நகரலாம்டா. வா."

அசையவில்லை. ரூடி வேகமாக அதை நோக்கி நடந்தான். ஓடினான். கடைசித் துளி விழுந்த மரத்தின் முறிந்த கிளையில், தோள் இரண்டும் ஒழுங்காக விரித்து, பொத்தான் போட்டு, கிளைடின் மேலங்கி தொங்கியது. நாடா இல்லாததால் மேலங்கியைக் கட்டி அடையாளம் வைத்திருக்கிறான். அதிலிருந்து பூட்ஸ் தடம் புதருக்குள் போயிருந்தது. பக்கத்திலேயே ஒரு புதிய துளி. அந்த மடையன் இரத்தத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். மச்சானுக்குப் பெருமையாக ஒன்று செய்து காட்டப் போயிருக்கிறான். மேலங்கி இல்லாமல். பழுப்புக் கான்வாஸ் கோட்டோடு. குனிந்தபடி.

"கிளைட்."

தண்ணீர் எங்கோ சொட்டியது.

புதர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ரூடி அதை நோக்கி நடந்தான். பாதி தூரம். பனிக்கட்டி முறிந்தது. நின்றான். உள்ளே இருட்டு, இருட்டுக்குள் இன்னும் கறுப்பாகத் தரையில் ஏதோ. மரக்கட்டையாக இருக்கலாம். மானாக இருக்கலாம். அந்த நாற்றம் வந்தது. கால் போகவில்லை.

குடிலுக்குப் போயிருப்பான், என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். பயந்தாங்கொள்ளி. குளிர் தாங்காமல் திரும்பிப் போயிருப்பான். சுட்டது தப்பிவிட்டது. எதிலும் படவில்லை. தன்னுடைய தடத்தின் மேலேயே கால் வைத்துத் திரும்பினான். மேலங்கியைக் கிளையிலேயே விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்று வழியெல்லாம் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டான்.

குடிலில் விளக்கு எரிந்தது. பட்டாணி சூப்பின் வாசனை. ரெய்னோ அடுப்பைப் பார்த்து நின்று கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். ரூடி கதவடியிலேயே நின்றான்.

"வந்துட்டியா," என்றார் ரெய்னோ திரும்பாமலே. "அவன் அப்பவே வந்துட்டான்."

"யாரு?"

"கிளைடுதான். வேற யாரு இருக்கா இங்க? கெழங்கு உரிச்சிட்டிருந்தேன், சரியாப் பாக்கல. குளிருதுன்னான், உள் அறைக்குப் போயிட்டான்."

ரூடி ஓரடி உள்ளே வந்தான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அடுத்த நொடியே, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள்ளேயே, கோபம் திரும்பி வந்தது. நல்ல, சூடான, பழகிய கோபம். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல், சொல்லாமல், மேலங்கியைத் தொங்கவிட்டு வந்து இங்கே குளிர் காய்கிறானா? இன்றைக்கு இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும். கோபப்பட முடிந்ததே அவனுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"ஒரு வெடி கேட்டுச்சே," என்றார் ரெய்னோ. "யாரு?"

"நான்தான்."

"பட்டுச்சா?"

"இல்ல. தப்பிருச்சு."

"போய்ப் பாத்தியா?"

சூப்பு கொதித்தது. ரூடி சுவரைப் பார்த்தான்.

"பாத்தேன்," என்றான்.

உள் அறையின் கதவு திறந்தது.

"அப்ப வால நறுக்கிற வேண்டியதுதான்," என்றது கிளைடின் குரல்.

ரெய்னோ சிரித்தார். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். திரும்பி நில்லுடா ரூடி."

ரூடி திரும்பி நிற்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே அவன் முதுகு அந்தப் பக்கம்தான் இருந்தது. கத்தரிக்கோல் தொங்குகிற ஆணியைப் பார்த்தான். ஆணி காலியாக இருந்தது.

காலடி. ஈரமான காலடி. ஒன்று வைத்து, அடுத்ததை இழுத்து.

நாற்றம்.

தோளில் ஒரு கை. சட்டையைத் தாண்டிக் குளிர் எலும்பில் இறங்கியது. இடுப்புக்கு மேலே சட்டை இழுபட்டது. கத்தரியின் உலோகம் முதுகில் பட்டது. நறுக். நறுக். நிதானமாக. காதருகே மூச்சு. நீண்டு, இழுத்து, நடுவில் ஈரமாக அடைத்துக்கொண்டு.

"நேரா வெட்டுடா," என்றார் ரெய்னோ, சூப்பைத் துழாவிக்கொண்டே.

துணி ரூடியின் கையில் வைக்கப்பட்டது. அவனுடைய நீலச் சட்டைதான். காய்ந்த சட்டை, காலையில் போட்டது. அது கனமாக இருந்தது. சூடாக இருந்தது. விரலிடுக்கில் வழிந்தது.

சுவரில் ஏதோ சொட்டியது. கிளைடின் வால். அதன் பக்கத்து வால். அதற்கு மேலே, சாயம் போனது. எலி கடித்தது. ஒவ்வொன்றின் அடியோரமும் கறுத்தது, தடித்தது, சொட்டியது. சுத்தமாகத் தப்பிவிட்டது என்று சொல்லிச் சிரித்து முதுகைக் காட்டியவர்கள் அத்தனை பேரும். மேலே, கதவுக்கருகே, இந்தக் குடிலின் முதல் வால். சிவப்புக் கம்பளி. அப்பாவின் கையெழுத்தில் அப்பாவின் பெயர். போய்ப் பார் என்று சொன்ன அப்பா. அதிலிருந்துதான் தாரையாக வழிந்தது.

தரையில் ஓடி ரெய்னோவின் பூட்ஸைத் தொட்டது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு திரும்பினார். ரூடியைப் பார்த்தார். ரூடிக்குப் பின்னால் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கரண்டி கீழே விழுந்தது.

சுத்தியலின் பிடி ரூடியின் மறு கைக்குள் மெதுவாகத் திணிக்கப்பட்டது.

"ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்ல, மச்சான்," என்றது காதருகே குரல். அதில் கோபமே இல்லை. "ரொம்ப நேரம் உயிரோடதான் கெடந்தேன்."